நீல ஒளியும் இரிடியமும்: கரிமத் தொகுப்பில் ஓர் அரிய உலோகத்தின் இடம்

கரிமத் தொகுப்பு ஆய்வகங்களில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் புகுந்த பெரிய மாற்றம் நீல நிற எல்.இ.டி. விளக்கு. எண்ணெய்த் தொட்டியில் வைத்துச் சூடேற்றிய குடுவையை இன்று விளக்கின் முன் வைத்துக் கலக்குகிறார்கள். அறை வெப்பநிலையிலேயே கார்பன்–கார்பன் பிணைப்பும் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பும் உருவாகின்றன. அந்தக் குடுவைகளில் பலவற்றில் சில மில்லிகிராம் மஞ்சள் தூள் கரைந்திருக்கும். அது ஓர் இரிடியம் அணைவுச் சேர்மம். புவி மேலோட்டில் மிக அரிதான உலோகங்களுள் இரிடியமும் ஒன்று. உலகம் முழுவதும் ஆண்டுக்குக் கிடைப்பது ஏழெட்டு டன் அளவே. இத்தனை அரிய உலோகம் இத்தனை பரவலான வேதியியலுக்கு எப்படி அடித்தளமானது? அந்த வேலைக்கு அது தவிர்க்க முடியாததுதானா? இக்கட்டுரை இவ்விரு கேள்விகளையும் ஆராய்கிறது. இரிடியம் செய்யும் வேலைகளைப் பிரித்துப் பார்க்காமல் இரண்டாம் கேள்விக்கு விடை சொல்ல முடியாது என்பதும், பிரித்துப் பார்த்தால் விடை தெளிவாகவே கிடைக்கிறது என்பதும் என் கருத்து.

வெயிலிலிருந்து விளக்குக்கு

ஒளியால் வேதிவினை நடத்தும் கனவு பழையது. இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகத்தில் ஜாக்கமோ சாமிசியான், பால் சில்பர் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து, கட்டடத்தின் மாடியில் குடுவைகளை வரிசையாக வெயிலில் வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். நிலக்கரி எரிக்கும் தொழில்களுக்குப் பதிலாக, வறண்ட நிலங்களில் கண்ணாடிக் குழாய்களில் சூரிய ஒளியைப் பிடித்து வேதிப்பொருள்கள் செய்யும் காலம் வரும் என்று 1912இல் நியூயார்க்கில் ஆற்றிய உரையில் அவர் கூறினார்.

அந்தக் கனவுக்கு இயற்பியல் ஒரு தடை போட்டிருந்தது. பெரும்பாலான கரிமச் சேர்மங்கள் நிறமற்றவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அவை உறிஞ்சுவதில்லை. புறஊதாக் கதிரையே உறிஞ்சும். புறஊதாக் கதிரோ விரும்பிய பிணைப்போடு விரும்பாத பிணைப்புகளையும் முறிக்கும். 450 நானோமீட்டர் நீல ஒளியில் ஒரு மோல் ஃபோட்டான்களின் ஆற்றல் ஏறத்தாழ 63 கிலோகலோரி. சாதாரணக் கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை முறிக்கச் சுமார் 83 கிலோகலோரி வேண்டும். ஆகவே நீல ஒளி மூலக்கூறின் கட்டமைப்பைச் சிதைக்காது. ஆனால் தானாக எதையும் செய்யவும் செய்யாது. அதை வாங்கி வினைபொருளுக்கு வேலையாக மாற்றித் தர ஓர் இடையாள் வேண்டும். ஒளிவினையூக்கியின் பணி அதுவே.

முதலில் கிடைத்த இடையாள் ரூத்தேனியம். மூன்று பைபிரிடின் ஈனிகள் சூழ்ந்த ரூத்தேனியம் அணைவு 1936இலேயே தயாரிக்கப்பட்டது. 1970களில் சூரிய ஒளியால் நீரைப் பிளக்கும் முயற்சிகளில் அது நெடுக ஆராயப்பட்டது. 1978இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கெல்லாக் குழு அதைக் கரிம ஒடுக்க வினைக்குப் பயன்படுத்தியது. 1980களில் மேலும் சிலர் தொடர்ந்தனர். ஆயினும் தொகுப்பு வேதியியலாளர்கள் அதை ஒரு பொதுக் கருவியாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருப்பம் 2008இல் வந்தது. பிரின்ஸ்டனில் டேவிட் மெக்மில்லனும் டேவிட் நைசெவிச்சும் ரூத்தேனியம் அணைவோடு ஒரு கரிம வினையூக்கியைச் சேர்த்து, வீட்டு ஃப்ளோரசன்ட் விளக்கின் ஒளியில் ஆல்டிஹைடுகளைச் சீர்மையற்ற முறையில் ஆல்கைலேற்றம் செய்தனர். அதே ஆண்டு விஸ்கான்சினில் டெஹ்ஷிக் யூன் குழு, கண்ணுக்குத் தெரியும் ஒளியால் நான்கு கார்பன் வளையங்களை உருவாக்கியது. 2009இல் பாஸ்டனில் கோரி ஸ்டீவன்சன் குழு கார்பன்–ஹாலஜன் பிணைப்பை ஒடுக்கியது. இம்மூன்று குழுக்களின் ஆய்வுகளிலிருந்தே இன்றைய துறை வளர்ந்தது.

திரைகளுக்காகப் பிறந்த சேர்மங்கள்

இரிடியம் இதற்குள் வந்த வழி வேறு. மூன்று பினைல்பிரிடின் ஈனிகள் கொண்ட இரிடியம் அணைவின் ஒளிப்பண்புகளை 1985இல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் வாட்ஸ் குழு விளக்கியது. அது பச்சை நிறத்தில் அசாதாரணமான பிரகாசத்துடன் ஒளிர்ந்தது. 1999இல் ஸ்டீபன் ஃபாரெஸ்ட், மார்க் தாம்ப்சன் ஆகியோரின் குழுக்கள் அதை ஆர்கானிக் எல்.இ.டி.யில் வைத்தன. மின்சாரத்தால் கிளர்வுறும் மூலக்கூறுகளில் நான்கில் மூன்று பங்கு மும்மை நிலையில், அதாவது இணையற்ற இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் ஒரே திசையில் அமைந்த நிலையில், இருக்கும். சாதாரணக் கரிமச் சாயங்கள் அந்த ஆற்றலை வெப்பமாக வீணாக்கும். இரிடியம் அதையும் ஒளியாக வெளியிட்டது. நம் கைப்பேசித் திரைகள் இந்தத் தத்துவத்தின் பயன்.

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், அப்போது பிரின்ஸ்டனில் இருந்த ஸ்டீபன் பெர்ன்ஹார்ட், கார்னெலின் ஜார்ஜ் மல்லியாரஸுடன் இணைந்து, ஒளிரும் மின்வேதிக் கலங்களுக்காகவும் நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பதற்காகவும் இரிடியம் அணைவுகள் பலவற்றை உருவாக்கினார். இரண்டு பினைல்பிரிடினும் ஒரு பைபிரிடினும் கொண்டவை அவை. 2005இல் வெளியான, ஃப்ளூரினும் ட்ரைஃப்ளூரோமெத்திலும் பொருத்திய வகை இன்று தொகுப்பு ஆய்வகங்களில் மிக அதிகம் புழங்கும் ஒளிவினையூக்கிகளுள் ஒன்று. 2009இல் மெக்மில்லன் குழு ஆல்டிஹைடுகளில் ட்ரைஃப்ளூரோமெத்தில் தொகுதியைச் சேர்க்க இக்குடும்பத்தின் எளிய உறுப்பினர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. திரைக்காகவும் எரிபொருளுக்காகவும் செய்த சேர்மங்கள் மருந்து மூலக்கூறுகளைக் கட்டும் கருவியாக மாறிய கதை இது.

திறன் எங்கிருந்து வருகிறது

முதற்காரணம் அணுவின் எடை. அணு எண் 77 கொண்ட இரிடியத்தில் எலக்ட்ரானின் தற்சுழற்சியும் சுற்றுப்பாதையும் வலுவாகப் பிணைந்துள்ளன. ஒளியை உறிஞ்சிய மூலக்கூறு ஒற்றை நிலையிலிருந்து மும்மை நிலைக்கு நொடியின் மிக நுண்ணிய பங்கில் இறங்கிவிடும். மும்மை நிலையிலிருந்து தரைநிலைக்குத் திரும்புவது எளிதன்று. ஆகவே அது மைக்ரோ நொடி அளவில் நீடிக்கிறது. கரைசலில் இரு மூலக்கூறுகள் சந்திக்க நானோ நொடிகள் ஆகும். கிளர்வு நிலை அதைவிட நெடிது வாழ்ந்தால்தான் வினை நடக்கும்.

இரண்டாவது, இரிடியம் இடம்பெறும் ஆறாம் வரிசை உலோகங்களில் ஆர்பிட்டால்கள் அதிகம் பிளவுபடுகின்றன. கார்பன் வழியே உலோகத்தோடு நேரடியாகப் பிணையும் பினைல்பிரிடின் அப்பிளவை மேலும் அகலமாக்குகிறது. இதனால், கிளர்வு ஆற்றலை வெப்பமாக்கி வடித்துவிடும் உலோக மைய நிலைகள் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகின்றன. இரும்பில் அந்நிலைகள் தாழ்வாக இருப்பதே அதன் வழக்கமான அணைவுகள் ஒளிவினையூக்கியாகத் தோற்றதற்குக் காரணம்.

மூன்றாவது காரணமே தொகுப்பு வேதியியலாளருக்கு மிக முக்கியமானது. கலப்பு ஈனி அணைவுகளில், எலக்ட்ரான் புறப்படும் இடம் உலோகமும் பினைல்பிரிடினும். போய்ச் சேரும் இடம் பைபிரிடின். இரண்டையும் தனித்தனியே மாற்றலாம். பினைல் வளையத்தில் ஃப்ளூரின் சேர்த்தால் ஆக்சிஜனேற்றும் வலிமை கூடும். பைபிரிடினில் எலக்ட்ரான் வழங்கும் தொகுதியைச் சேர்த்தால் ஒடுக்கும் வலிமை கூடும். ரூத்தேனியம் பைபிரிடின் அணைவில் மூன்று ஈனிகளும் ஒன்றே என்பதால் இந்தச் சுதந்திரம் இல்லை.

எண்கள் இதைத் தெளிவாக்கும். ரூத்தேனியம் அணைவின் கிளர்வு நிலை −0.81 வோல்ட்டில் எலக்ட்ரானைக் கொடுக்கும், +0.77 வோல்ட்டில் எடுக்கும். மூன்று பினைல்பிரிடின் கொண்ட இரிடியம் −1.73 வோல்ட்டில் கொடுக்கும்; அதன் ஆயுள் 1.9 மைக்ரோ நொடி. ஃப்ளூரினேற்றிய கலப்பு அணைவோ +1.21 வோல்ட்டில் எலக்ட்ரானைப் பறிக்கும், ஆயுள் 2.3 மைக்ரோ நொடி. மும்மை நிலை ஆற்றல் 61 கிலோகலோரி. நீல ஃபோட்டானின் 63 கிலோகலோரியில் மிகச் சிறிதளவே வீணாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே உலோகத்தைச் சுற்றி ஈனிகளை மாற்றியதால் மட்டும் கிடைத்த வீச்சு இது.

திறந்த வழிகள்

முதல் வழி எலக்ட்ரான் பரிமாற்றம். கிளர்வுற்ற இரிடியம் வினைபொருளுக்கு ஓர் எலக்ட்ரானைத் தரும் அல்லது அதனிடமிருந்து ஒன்றை எடுக்கும். வினைபொருள் தனி உறுப்பாகும். முன்பு தனி உறுப்புகளை உருவாக்க நச்சுத்தன்மை கொண்ட வெள்ளீயச் சேர்மங்களையும் சூட்டையும் நம்பியிருந்தோம். 2012இல் ஸ்டீவன்சன் குழு இரிடியம் அணைவால், வினையாற்றத் தயங்கும் ஆல்கைல், அரைல் அயோடைடுகளையே ஒடுக்கிக் காட்டியது. 2011இல் மெக்மில்லன் குழு தானியங்கிக் கருவியில் வினைபொருள்களைத் தற்செயலாக இணைத்துச் சோதித்தபோது, அமீனின் நைட்ரஜனுக்கு அடுத்த கார்பனில் நேரடியாக அரைல் தொகுதி சேரும் வினை கிடைத்தது. யாரும் திட்டமிட்டுத் தேடியிராத அந்த வினையைத் தந்ததும் இரிடியமே.

இரண்டாவது, நிக்கலோடு கூட்டு. இத்துறையின் மிகப் பெரிய பாய்ச்சல் இதுவே. பல்லேடியம் கொண்டு செய்யும் இணைப்பு வினைகள் தட்டையான அரோமேட்டிக் வளையங்களைச் சேர்ப்பதில் சிறந்தவை. ஆல்கைல் கார்பன்களில் தடுமாறுபவை. 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் அடுத்தடுத்து இரு கட்டுரைகள் வந்தன. கேரி மோலாண்டர் குழு போரான் சேர்மங்களிலிருந்தும், மெக்மில்லன், அபிகேல் டாய்ல் குழுக்கள் கார்பாக்சிலிக் அமிலங்களிலிருந்தும் இரிடியத்தால் தனி உறுப்புகளை எடுத்து, அவற்றை நிக்கல் பிடித்து அரைல் ஹாலைடுடன் இணைக்கும்படி செய்தன. அமினோ அமிலம் போன்ற மலிவான பொருள் கார்பன் டையாக்சைடை இழந்து இணைப்பு வினையில் நுழைந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கார்பன்–ஆக்சிஜன், கார்பன்–நைட்ரஜன் இணைப்புகளும் சாத்தியமாயின. மருந்து நிறுவனங்கள் இத்துறையை உடனடியாகக் கையிலெடுத்ததற்கு இதுவே காரணம். நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்ததும் அதே 2014இல்தான். மலிவான, ஒரே நிறமுள்ள ஒளி இல்லாமல் இந்த வேதியியல் இத்தனை வேகமாகப் பரவியிருக்காது.

மூன்றாவது, ஆற்றல் பரிமாற்றம். இங்கே எலக்ட்ரான் கைமாறுவதில்லை. மும்மை நிலை ஆற்றலே கைமாறுகிறது. 2012இல் யூன் குழு ஃப்ளூரினேற்றிய இரிடியத்தால் ஸ்டைரீன்களை வளையமாக்கியது. அந்த ஸ்டைரீன்களின் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் அணைவுக்கு எட்டாதது; ஆனால் மும்மை ஆற்றல் எட்டக்கூடியது. 2014இல் ஜிம்மி வீவர் குழு நிலைப்புத்தன்மை மிக்க ஆல்கீன் மாற்றியத்தை நிலைப்புத்தன்மை குறைந்த மாற்றியமாக்கிக் காட்டியது. வெப்பத்தால் நடக்க முடியாத ஏற்றத்தை ஒளி நடத்தியது. ஜெர்மனியின் மூன்ஸ்டரில் ஃபிராங்க் குளோரியஸ் குழு இவ்வழியைப் பெரிதும் விரிவாக்கியது.

இவற்றுக்கு அப்பால் இரண்டு தனிச் சாதனைகள் குறிப்பிடத்தக்கவை. 2014இல் மார்பர்க்கின் எரிக் மெக்கர்ஸ் குழு, இரிடியம் அணுவே கைரல் மையமாக அமைந்த அணைவால் ஒளியை உறிஞ்சுவதையும் சீர்மையற்ற தன்மையைத் தருவதையும் ஒரே மூலக்கூறில் இணைத்தது. 2020இல் மெக்மில்லன் குழுவும் மெர்க் நிறுவன ஆய்வாளர்களும் இரிடியத்தை எதிர்ப்பொருளில் பொருத்தி, செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதத்துக்குச் சில நானோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும் அண்டைப் புரதங்களை அடையாளமிட்டனர். கரிமத் தொகுப்புக் கருவி செல் உயிரியலுக்குள் நுழைந்த தருணம் அது.

விலையும் கணக்கும்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். இரிடியத்தின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் பிளாட்டினச் சுரங்கங்களில் துணைப்பொருளாகக் கிடைக்கிறது. தேவை கூடினாலும் பிளாட்டினம் கூடுதலாக எடுக்கப்படாவிட்டால் இரிடியம் கூடாது. 2021இல் 31 கிராம் எடையுள்ள ஒரு டிராய் அவுன்சின் விலை 6,000 டாலரைத் தாண்டியது. பசுமை ஹைட்ரஜனுக்கான சவ்வு மின்பகுப்புக் கலங்களின் நேர்முனைக்கும் இதே இரிடியம் வேண்டும். கரிம வேதியியல் இனி அந்தத் தொழிலோடு போட்டியிட்டே இதை வாங்க வேண்டும்.

ஓர் எளிய கணக்கு போடலாம். மூலக்கூறு எடை 200 உள்ள வினைபொருள் ஒரு கிலோ எடுத்துக்கொள்வோம். வழக்கமான நூறில் ஒரு மோல் பங்கு என்ற அளவில், மூலக்கூறு எடை 1,122 உள்ள ஃப்ளூரினேற்றிய அணைவு 56 கிராம் வேண்டும். அதில் இரிடியம் மட்டும் ஏறக்குறைய 9.6 கிராம். மருந்துகளில் தனிம மாசுகளுக்கான சர்வதேச நெறிமுறை, வாய்வழி மருந்தில் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் இரிடியத்தையே அனுமதிக்கிறது. நாளைக்கு ஒரு கிராம் உட்கொள்ளும் மருந்தானால், பத்து லட்சத்தில் 100 பங்கு என்பது எல்லை. மேற்சொன்ன கலவையிலோ அது ஏறத்தாழ 9,600 பங்கு. நூற்றில் ஒன்றாகக் குறைக்கும் தூய்மையாக்கல் தேவைப்படும்.

ஒளிச் செலவு இவ்வளவு பெரிதன்று. அந்த ஒரு கிலோ ஐந்து மோல். பத்து ஃபோட்டானுக்கு ஒரு மூலக்கூறு வினைபட்டால் 50 மோல் ஃபோட்டான்கள் வேண்டும். விளக்கின் திறன் பாதி எனக் கொண்டால் ஏழு எட்டு யூனிட் மின்சாரம் போதும். சிக்கல் ஒளியை உள்ளே செலுத்துவதில் இருக்கிறது. அடர்நிறக் கரைசலில் ஒளி சில மில்லிமீட்டருக்குள் தீர்ந்துவிடும். பெரிய கலனின் நடுப்பகுதி இருட்டில் கிடக்கும். மெல்லிய குழாய்களில் கரைசலை ஓடவிடும் தொடர் ஓட்ட உலைகள் இதற்குத் தீர்வாகியுள்ளன. ஓட்ட உலையில் வினையூக்கியின் அளவையும் பெரும்பாலும் குறைக்க முடிகிறது.

வழிமுறை பற்றிய எச்சரிக்கையும் உண்டு. 2015இல் யூன் ஆய்வகம் 2008ஆம் ஆண்டு ஆல்கைலேற்ற வினையின் குவாண்டம் விளைவை அளந்து 18 என்று கண்டது. ஒரு ஃபோட்டானுக்கு 18 மூலக்கூறுகள் உருவாகின என்றால், அங்கே நடப்பது தனி உறுப்புச் சங்கிலி. உலோகம் அதைத் தொடங்கி வைக்கிறது, அவ்வளவே. 2019இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், இரிடியம் அணைவின் பைபிரிடின் ஈனி வினையின்போதே பகுதியாக ஹைட்ரஜனேற்றம் அடைந்து வேறோர் அணைவாவதும், அரைல் ஹாலைடுகளை ஒடுக்குவது அந்தப் புதிய அணைவே என்பதும் தெரியவந்தது. குடுவையில் எடைபோட்டு இட்ட சேர்மமே வேலை செய்தது என்று எப்போதும் கொள்ள முடியாது.

மாற்றுகள் எவ்வளவு தூரம் வந்துள்ளன

ஆக்சிஜனேற்றத்தில் கரிமச் சாயங்கள் இரிடியத்தை முந்திவிட்டன. 2008 கட்டுரையின் இணையாசிரியரான நைசெவிச்சே பின்னர் அக்ரிடினியம் சாயங்களை வளர்த்தெடுத்தார். அவற்றின் கிளர்வு நிலை +2 வோல்ட்டுக்கு மேல் செல்லும். எளிதில் கிடைக்கும் இயோசின் சாயம் 2011இலேயே சீர்மையற்ற ஆல்கைலேற்றத்தில் ரூத்தேனியத்தின் இடத்தைப் பிடித்தது.

நிக்கல் கூட்டு வினைகளில், கார்பசோல் தொகுதிகள் நான்கு பொருந்திய டைசயனோபென்சீன் வலுவான மாற்று. ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சி குழு 2012இல் இதை இரிடியம் இல்லாத ஒளிர்திரைகளுக்காக அறிமுகப்படுத்தியது. 2016இல் அது தொகுப்புக்கு வந்தது. இரிடியம் வந்த அதே பாதையில் அதற்கான மாற்றும் வந்திருக்கிறது. கரையாத, வடிகட்டி மீட்கக்கூடிய கார்பன் நைட்ரைடும் சில நிக்கல் வினைகளை நடத்துகிறது. 2018இல் காரெட் மியாக்கே குழு, நிக்கல்–அமீன் அணைவை நேரடியாகக் கிளர்வுறச் செய்து, தனி ஒளிவினையூக்கியே இல்லாமல் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பை உருவாக்கியது.

இரும்பில் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் பெரிய முன்னேற்றம் கண்டது. வழக்கமான இரும்பு அணைவுகளில் ஃபெம்டோ நொடிகளில் மறைந்த நிலையின் ஆயுளை 2017இல் 100 பிக்கோ நொடிக்கும், 2019இல் சுமார் 2 நானோ நொடிக்கும் நீட்டினார்கள். இது வியப்பூட்டும் உயர்வு. இருந்தும் இரிடியத்தின் ஆயுளில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரும்பு குளோரைடை நேரடியாக ஒளியால் பிளந்து குளோரின் அணுவைப் பெறும் முறையோ நெடிய ஆயுளையே வேண்டுவதில்லை. அது நல்ல குறுக்குவழி.

மதிப்பீடு

வேலைகளைப் பிரித்து வைத்தால் படம் இப்படி அமைகிறது. சங்கிலியைத் தொடங்கி வைப்பது மட்டுமே பணியான வினைகளுக்கும், வலுவான ஆக்சிஜனேற்றம் வேண்டிய வினைகளுக்கும் இரிடியம் தேவையில்லை, சாயங்கள் போதும். நிக்கல் கூட்டு வினைகளில் பெரும்பகுதியைக் கரிம வினையூக்கிகள் ஏற்கெனவே செய்கின்றன. அங்கே இரிடியத்தைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்குப் பழக்கமே பெரும்பாலும் காரணம். நீல ஒளியில் 60 கிலோகலோரிக்கு மேற்பட்ட மும்மை ஆற்றல் வேண்டிய வினைகளிலும், உலோகமே கைரல் மையமாகும் வினைகளிலும், புரத அடையாளமிடலிலும் இரிடியத்தின் இடம் இன்னும் உறுதியாகவே உள்ளது. புரத ஆய்வுக்கு வேண்டிய அளவு மிகச் சொற்பம் என்பதால் விலையும் அங்கே தடையில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, புதிய வினையைத் தேடும் கட்டத்தில் இரிடியத்துக்கு நிகரில்லை. மின்னழுத்தத்தையும் மும்மை ஆற்றலையும் படிப்படியாக மாற்றிய அணைவுகளின் வரிசை ஒன்றை வைத்துச் சோதித்தால், ஒரு வினைக்கு என்ன வேண்டும் என்பது சில நாள்களில் தெரிந்துவிடும். அந்த அறிவு கிடைத்த பின் உற்பத்திக்கு மலிவான வினையூக்கியைத் தேடுவதே முறை.

இத்துறையில் ஆய்வு செய்வோரிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கலாம். புதிய வினையை அறிவிக்கும்போது குவாண்டம் விளைவையும் அளந்து வெளியிட வேண்டும். நூறில் ஒரு பங்கு என்று வழக்கப்படி எழுதாமல், வினை நடக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டு சொல்ல வேண்டும். இரிடியம் கொண்டு கிடைத்த விளைச்சலுக்குப் பக்கத்திலேயே ஒரு கரிமச் சாயத்தின் விளைச்சலையும் தர வேண்டும். இம்மூன்றும் ஒரு வார வேலைக்கு மேற்பட்டவை அல்ல. இவற்றைச் செய்தால், ஆண்டுக்கு ஏழெட்டு டன் மட்டுமே கிடைக்கும் உலோகம் அது இல்லாமல் முடியாத வேலைகளுக்கு மிஞ்சும்.